பிள்ளையைப் பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வந்துவிட்டது என்று நம்பியிருந்து, பள்ளிச் சுற்றுலாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதோ பல்கலைக்கழகக் கட்டணம் பற்றிக் கேட்கும்போதோதான் அப்படியில்லை என்று தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் நம்மவர்களில் ஏராளம். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை இருந்திருக்கும். அதைக் கேட்டு வாங்கும் வழிக்குத்தான் பதிவு, அதாவது ரெஜிஸ்ட்ரேஷன், என்று பெயர். கீழே உள்ள கட்டணங்கள் 2025 ஏப்ரல் பட்டியல்படியானவை. ஏப்ரல் தோறும் பட்டியல் மாறுவது வழக்கம் என்பதால், பணம் கட்டும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் பிறந்தாலே பிரிட்டிஷ் குடியுரிமை கிடையாதா?

1983 ஜனவரி 1-க்கு முன் அப்படித்தான் இருந்தது. 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசிய இனச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்ததும் கதை மாறியது. பிள்ளை பிறந்த நாளில் தாயோ தந்தையோ பிரிட்டிஷ் குடிமக்களாகவோ, இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களாகவோ இருந்தால்தான் பிள்ளை பிறப்பிலேயே பிரிட்டிஷ். இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும்.

நிரந்தரத் தங்கும் உரிமை என்றால் ஐ.எல்.ஆர்., ஐரோப்பியர்களுக்கான செட்டில்ட் ஸ்டேட்டஸ் போன்றவை. அயர்லாந்துக் குடிமக்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். வேலை விசா, மாணவர் விசா, அகதியாக ஏற்றுக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும் அனுமதி, ப்ரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ் எதுவும் இதில் சேராது.

ஆகவே முதலில் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: பிள்ளை பிறந்த தேதி, பெற்றோரில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர். கிடைத்த தேதி. ஐ.எல்.ஆர். ஒரு நாள் முந்தியிருந்தாலும் பிள்ளை ஏற்கெனவே பிரிட்டிஷ். பதிவு செய்ய ஒன்றுமில்லை, நேரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நாள் பிந்தியிருந்தால் பதிவு வேண்டும்.

பதிவும் நேச்சுரலைசேஷனும் ஒன்றுதானா?

இல்லை. நேச்சுரலைசேஷன் 18 வயது நிறைந்தவர்களுக்கு. ஐ.எல்.ஆர். வேண்டும், ஆங்கிலத் தகுதி வேண்டும், 'லைஃப் இன் த யூகே' தேர்வு எழுத வேண்டும், கட்டணம் 1,605 பவுண்டு. அதையெல்லாம் நிறைவேற்றினாலும் முடிவு உள்துறை அமைச்சரின் விருப்புரிமைக்கு உட்பட்டது.

பதிவில் தேர்வு கிடையாது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சட்டமே உரிமையாகத் தருவது: நிபந்தனைகளை நிரூபித்துவிட்டால் ஹோம் ஆபிஸ், அதாவது உள்துறை அமைச்சகம், பதிந்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஹோம் ஆபிஸின் விருப்புரிமையில் தருவது. உங்கள் பிள்ளை எந்த வகை என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. உரிமை உள்ள பிள்ளையை விருப்புரிமை வழியில் விண்ணப்பிக்க வைத்து, தேவையில்லாத ஆவணங்களுக்காக மாதக்கணக்கில் அலைவது அடிக்கடி நடக்கும் தவறு.

எங்களுக்கு இப்போது ஐ.எல்.ஆர். கிடைத்திருக்கிறது. பிள்ளை இங்கேதான் பிறந்தது. அதற்கும் ஐ.எல்.ஆர். எடுத்த பிறகுதானே பதிய முடியும்?

வேண்டியதில்லை. பலர் ஆயிரக்கணக்கான பவுண்டை இழக்கும் இடம் இதுதான்.

சட்டத்தின் 1(3) பிரிவு கேட்பவை இவைதான்: பிள்ளை பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும், அது 18 வயதுக்குள் இருக்கும்போது பெற்றோரில் ஒருவர் ஐ.எல்.ஆர். அல்லது குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், 18 நிறையும் முன் விண்ணப்பிக்க வேண்டும், வயது 10 அல்லது அதற்கு மேல் என்றால் நன்னடத்தை வேண்டும். பிள்ளையின் சொந்த விசா என்ன என்ற கேள்வியே அந்தப் பிரிவில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். பிள்ளைக்கு ஐ.எல்.ஆர். விண்ணப்பக் கட்டணம் 3,029 பவுண்டு. பதிவுக் கட்டணம் 1,214 பவுண்டு. ஐ.எல்.ஆர். எடுத்துவிட்டுப் பிறகு பதிவும் செய்தால் மொத்தம் 4,243. முதலிலேயே பதிந்தால் 1,214 மட்டும். விசாவை இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் குடும்பங்களுக்கு, பிள்ளையின் ஒரே ஒரு புதுப்பிப்புக்கு 1,321 பவுண்டு, அதோடு சுகாதார மேல்கட்டணம் ஆண்டுக்கு 776 வீதம் 1,940 பவுண்டு, ஆக 3,261 பவுண்டு போகிறது.

குடும்பமாக ஐ.எல்.ஆர். விண்ணப்பிக்கும்போது இங்கே பிறந்த பிள்ளையை அதில் சேர்க்காமல், பெற்றோரில் ஒருவருக்குக் கிடைத்த மறுநாளே எம்என்1 படிவத்தில் பதிவுக்கு விண்ணப்பிப்பதுதான் சிக்கனமான வழி. ஒரு எச்சரிக்கை: பதிவு முடிவு வர ஆறு மாதம் வரை ஆகலாம். அதற்குள் பிள்ளையின் தற்போதைய விசா முடிந்துவிட்டால் பதிவு உரிமை கெடாது. ஆனால் அந்த இடைவெளியில் வெளிநாடு போய்த் திரும்புவது சிக்கலாகும், மருத்துவமனைச் செலவு பற்றிய கேள்வியும் எழலாம். விசா முடியும் தேதி நெருங்கியிருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே தகுதியுள்ள ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

நாங்கள் குடியுரிமை பெறும்வரை பொறுத்திருக்க வேண்டுமா?

இங்கே பிறந்த பிள்ளைக்கு வேண்டியதில்லை. ஐ.எல்.ஆர். பெற்றுப் பெரும்பாலானோர் ஓராண்டு கழித்தே நேச்சுரலைசேஷனுக்கு விண்ணப்பிக்க முடியும். பிள்ளை அதற்காகக் காத்திருக்கக் காரணமே இல்லை. பெற்றோருக்கு முன்பே பிள்ளை பிரிட்டிஷ் ஆகலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தாயும் தந்தையும் குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்துவிட்டால் பிள்ளைக்கும் அது சேர்ந்துவிடும் என்பது தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிச் சான்றிதழ்.

பிள்ளை சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்து எங்களோடு வந்தது. அதற்கு வழி உண்டா?

உண்டு, 3(1) பிரிவு. அதே எம்என்1 படிவம், அதே கட்டணம். ஆனால் இது விருப்புரிமை. எந்தப் பிள்ளையையும் பதிவு செய்யச் சட்டம் அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஹோம் ஆபிஸின் வழிகாட்டி சொல்கிறது.

வழக்கமாக எதிர்பார்ப்பது: பிள்ளைக்கு ஐ.எல்.ஆர். இருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் ஆகியிருக்க வேண்டும் அல்லது ஆகப்போகிறவராக இருக்க வேண்டும், மற்றவர் நிரந்தரத் தங்கும் உரிமையோடு இருக்க வேண்டும், பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டும், பிள்ளையின் எதிர்காலம் இங்கேதான் என்பது தெரிய வேண்டும். 13 வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் கடைசி இரண்டாண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இந்தச் சட்டகத்துக்குள் அடங்காத பிள்ளைகளும், உதாரணமாகச் சிறு வயதில் வந்து பத்தாண்டுக்கு மேல் இங்கேயே வளர்ந்தவர்கள், விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஏன் இந்த நாட்டுப் பிள்ளை என்பதைக் கடிதமாக எழுதி, பள்ளிச் சான்றுகளோடு விளக்க வேண்டும். வெறும் படிவத்தை மட்டும் அனுப்பினால் மறுப்புத்தான் வரும்.

பெற்றோரின் நேச்சுரலைசேஷனோடு சேர்த்தே பிள்ளையின் விண்ணப்பத்தையும் போடலாம். பெற்றோருக்கு மறுத்தால் பிள்ளைக்கும் மறுக்க வாய்ப்புண்டு, கட்டணம் திரும்பாது. பிள்ளைக்கு வயது 17 ஆகவில்லை, அவசரம் இல்லை என்றால், பெற்றோரின் முடிவு வந்தபின் போடுவது பாதுகாப்பு.

எங்களுக்கு இன்னும் விசாவே சரியாக இல்லை. பிள்ளை இங்கே பிறந்து பத்து வயது ஆகிவிட்டது. ஏதாவது உண்டா?

இதுதான் சட்டத்தின் மிக வலுவான பிரிவு, 1(4). பிரிட்டனில் பிறந்து, முதல் பத்து ஆண்டும் இங்கேயே வாழ்ந்த பிள்ளைக்குக் குடியுரிமைப் பதிவு உரிமையாகவே உண்டு. பெற்றோருக்கு விசா இருந்ததா இல்லையா, தஞ்சம் கேட்டு மறுக்கப்பட்டார்களா, பிள்ளைக்கே விசா இருந்ததா என்பது எதுவும் நிபந்தனை அல்ல. படிவம் டி (ஆங்கில T).

நிபந்தனை, அந்தப் பத்து ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் 90 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. இங்கே ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல, பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை. புறப்பட்ட நாளும் வந்து சேர்ந்த நாளும் வெளியே இருந்த கணக்கில் வராது.

ஒரு உதாரணம். பிள்ளை பிறந்தது ஆகஸ்டு 5. ஜூன் 20 அன்று ஊருக்குப் புறப்பட்டு அக்டோபர் 10 அன்று திரும்பியது. வெளியே இருந்தது ஜூன் 21 முதல் அக்டோபர் 9 வரை, 111 நாள். பார்த்தவுடன் 90-ஐத் தாண்டிவிட்டது என்று தோன்றும். ஆனால் நடுவில் பிறந்தநாள் வருகிறது. ஜூன் 21 முதல் ஆகஸ்டு 4 வரை 45 நாள் ஒரு ஆண்டில், ஆகஸ்டு 5 முதல் அக்டோபர் 9 வரை 66 நாள் அடுத்த ஆண்டில். அந்த இரு ஆண்டுகளிலும் வேறு பயணம் இல்லையென்றால் நிபந்தனை மீறப்படவில்லை. இந்தக் கணக்கைப் போடாமலே "தகுதி இல்லை" என்று திரும்பிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே ஏதாவதோர் ஆண்டில் 90-ஐத் தாண்டியிருந்தாலும் கதவு மூடிவிடாது. எந்த ஆண்டிலும் 180 நாளைத் தாண்டாமல், பத்தாண்டு மொத்தம் 990 நாளைத் தாண்டாமல் இருந்தால் பொதுவாக விட்டுக்கொடுக்கலாம் என்கிறது வழிகாட்டி. அதற்கும் மேல் என்றால் கடும் நோய் போன்ற, குடும்பத்தின் கையில் இல்லாத காரணத்தைச் சான்றோடு காட்ட வேண்டும்.

பத்து ஆண்டு இங்கே இருந்ததை எப்படி நிரூபிப்பது?

படிவம் டி தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பிள்ளை இங்கே இருந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் தாளில் இருக்காது. பத்து ஆண்டுக்கும் பத்து உறை எடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு சான்று விழும்படி பாருங்கள்.

பிறப்பு முதல் நான்கு வயது வரைதான் கடினம். பிள்ளை பிறந்ததும் கொடுக்கும் சிவப்பு அட்டைப் புத்தகத்தில், அதாவது ரெட் புக்கில், எடை பார்த்த தேதிகளும் தடுப்பூசித் தேதிகளும் கையெழுத்தோடு இருக்கும். அதன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுங்கள். தொலைந்துவிட்டால் ஜி.பி.யிடம் பிள்ளையின் முழு மருத்துவக் குறிப்பையும் கேளுங்கள், தரும் கடமை அவர்களுக்கு உண்டு. குறிப்பிட்ட தேதியில் மருத்துவர் பிள்ளையை நேரில் பார்த்தார் என்ற வரிதான் வேண்டும், "இவர் எங்களிடம் பதிந்தவர்" என்ற ஒற்றை வரிக் கடிதம் அதிகம் உதவாது. அடுத்து நர்சரி, குழந்தைகள் மையம், ஹெல்த் விசிட்டர் கடிதங்கள்.

நான்கு வயதுக்குப் பிறகு பள்ளி போதும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வருகைப் பதிவு மூன்றும் உள்ள கடிதம் கேளுங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் உள்ளூராட்சிக் கல்விப் பிரிவில் கேட்கலாம்.

பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியே போன நாள்களுக்கு அந்த முத்திரைகள்தான் சாட்சி. பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

எனக்கு வயது 24. அப்போது யாரும் பதியவில்லை. காலம் கடந்துவிட்டதா?

1(3) வழி 18-ஓடு முடிந்துவிடும். 1(4)-க்கு மேல்வயது வரம்பு இல்லை. முதல் பத்தாண்டு இங்கே வாழ்ந்திருந்தால் 24-இலும் 34-இலும் விண்ணப்பிக்கலாம். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் தஞ்ச முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஈழத்துக் குடும்பங்களில் பிறந்து, பெற்றோருக்கு ஐ.எல்.ஆர். வந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்ட பிள்ளைகள் பலர் இன்று இந்த நிலையில் இருக்கிறார்கள். வயது வந்தோர் கட்டணம் 1,446 பவுண்டு, அதோடு குடியுரிமை விழாவுக்கு 130 பவுண்டு. தேர்வு கிடையாது.

பிள்ளையின் தந்தை பிரிட்டிஷ். ஆனால் ஹோம் ஆபிஸ் அவரைத் தந்தையாக ஏற்க மறுக்கிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம் இதுதான்: பிள்ளை பிறந்த நாளில் தாய்க்குச் சட்டப்படி வேறொரு கணவர் இருந்திருப்பார். இச்சட்டத்தின் பார்வையில் பிறந்த நேரத்தில் தாயின் கணவர் யாரோ அவரே தந்தை. ஊரில் பதிவான திருமணம், ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழ்ந்தும் விவாகரத்து முடியவில்லை என்றால், பிறப்புச் சான்றிதழில் உண்மைத் தந்தையின் பெயர் இருந்தும் கணக்கில் வராது. டிஎன்ஏ சோதனையாலும் இதை மாற்ற முடியாது.

ஆனால் தீர்வு உண்டு. 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பதிவை உரிமையாகவே ஆக்கியது. உண்மைத் தந்தை யார் என்பதற்கு டிஎன்ஏ அறிக்கை இங்கே உதவும். பாஸ்போர்ட் அலுவலகத்தோடு மல்லுக்கட்டாமல் பதிவு வழிக்கு வாருங்கள்.

பெற்றோர் திருமணம் செய்துகொள்ளாத குடும்பங்களில் 2006 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்குத் தந்தை வழியே குடியுரிமை வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க யூகேஎஃப் என்ற தனிப் படிவம் இருக்கிறது. 1983-க்கு முன் வெளிநாட்டில் பிரிட்டிஷ் தாய்க்குப் பிறந்தவர்களுக்கு யூகேஎம்.

நாங்கள் பிரெஞ்சு, ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்த தமிழர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு?

முதலில் பதிவு தேவையா என்று பாருங்கள், பலருக்குத் தேவைப்படாது. 1983 ஜனவரி 1-க்கும் 2000 அக்டோபர் 1-க்கும் இடையே, ஐரோப்பிய ஒன்றிய உரிமையின்படி இங்கே வேலை செய்துகொண்டிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர்கள் பிறப்பிலேயே பிரிட்டிஷ் என்று 2023-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. 2006 ஏப்ரல் 30-க்குப் பின் பிறந்த பிள்ளை என்றால், பிறந்த நாளில் பெற்றோரில் ஒருவர் ஐந்தாண்டு தொடர்ந்து வேலை போன்ற தகுதியோடு இருந்து நிரந்தர வதிவு உரிமை பெற்றிருந்தாரா என்பதே கேள்வி. அதற்கான அட்டை எடுத்திருக்க வேண்டியதில்லை, பழைய பி60 தாள்கள், அதாவது வேலையிடம் தரும் ஆண்டுச் சம்பள-வரிச் சான்றுகள், போதும். இவை எதிலும் வராமல், பிறகு பெற்றோருக்குச் செட்டில்ட் ஸ்டேட்டஸ் கிடைத்திருந்தால் 1(3).

இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியாவிட்டால் பிள்ளை நாடற்றதாகி ஐந்து வயதில் குடியுரிமை கிடைக்கும் என்கிறார்களே?

முன்பு கிடைத்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள், பிந்தினால் மத்திய அரசின் அனுமதியோடு, தூதரகத்தில் பதிந்தால்தான் அது இந்தியக் குடிமகன். பதியாத பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதல்ல என்று 2017-இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2022 ஜூன் 28 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. 5 முதல் 17 வயதுள்ள பிள்ளைக்கு, பெற்றோர் முயன்றும் அவர்களுடைய நாட்டுக் குடியுரிமையை வாங்கித் தர முடியாது என்று இப்போது காட்ட வேண்டும். இதை நம்பித் தூதரகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை பாஸ்போர்ட்டும் இல்லாமல், விசாவும் எடுக்க முடியாமல் நிற்கும்.

1,214 பவுண்டு எங்களால் கட்ட முடியாது. விலக்கு உண்டா?

உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2022 ஜூன் 16 முதல் கட்டண விலக்கு இருக்கிறது. இது சும்மா வந்ததல்ல. கட்டணம் 1,012 பவுண்டாக இருந்தபோது ஒரு விண்ணப்பத்துக்கான நிர்வாகச் செலவு 372 பவுண்டுதான் என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது. பிள்ளைகளின் நலனைப் பார்க்காமல் கட்டணம் வைத்தது தவறு என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. கட்டணம் விதிக்கும் அதிகாரம் சட்டப்படி உண்டு என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடித்தாலும், விலக்கு வந்து சேர்ந்தது.

இணையத்தில் விலக்கு விண்ணப்பத்தை முதலில் போட்டு, அது ஏற்கப்பட்ட பிறகே பதிவு விண்ணப்பம். அடிப்படைச் செலவு போக இந்தப் பணம் மிஞ்சாது என்று காட்ட வேண்டும்: ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், உதவித்தொகைக் கடிதம். வங்கி அறிக்கையில் தெரியும் பெரிய தொகைகளுக்கு விளக்கம் எழுதுங்கள். சீட்டுப் பணம், கோயில் விழாவுக்குத் திரட்டிய பணம், உறவினர் கைமாற்று எல்லாம் உங்கள் கணக்கு வழியே போயிருந்தால் அதிகாரி அதை வருமானமாகவே பார்ப்பார். உள்ளூராட்சியின் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை.

சாட்சிகளாக யாரைப் போடலாம்?

இருவர் வேண்டும். ஒருவர், பிள்ளையைத் தன் தொழில்முறையில் அறிந்தவர்: ஆசிரியர், ஹெல்த் விசிட்டர், சமூகப் பணியாளர், மதகுரு போன்றவர். மற்றவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர், தொழில்முறையாளராகவோ 25 வயதைத் தாண்டியவராகவோ இருக்க வேண்டும். உறவினர், ஒருவருக்கொருவர் உறவான இருவர், உங்கள் வழக்கறிஞர், ஹோம் ஆபிஸ் ஊழியர் கூடாது. சித்தப்பா, பெரியம்மா கூடாது என்பது தெரிந்தும், கணவன் மனைவி இருவரையும் சாட்சியாகப் போட்டுத் திரும்பி வந்த படிவங்கள் உண்டு. வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியரைவிட, பிள்ளை தினம் போகும் பள்ளியின் ஆசிரியரைக் கேட்பது நல்லது. கோடை விடுமுறைக்கு முன்பே கேளுங்கள், ஆகஸ்டில் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள்.

எங்கள் பெயர்கள் ஆவணத்துக்கு ஆவணம் வேறாக இருக்கின்றன. பிரச்சினை வருமா?

வரும். நம் பெயர் வழக்கம் இந்தப் படிவங்களுக்குப் பொருந்துவதில்லை. தந்தையின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயர், தாய்க்கு அவருடைய தந்தையின் பெயர். ஆக மூவர் பாஸ்போர்ட்டிலும் மூன்று குடும்பப் பெயர். இது தவறல்ல, ஆனால் அதிகாரிக்குப் புரியாது. ஒரு பக்கக் கடிதத்தில் இந்த வழக்கத்தை விளக்கி வைத்துவிடுங்கள்.

எழுத்து வேறுபாடுதான் உண்மையான சிக்கல். தாயின் பாஸ்போர்ட்டில் "சிவகௌரி" ஒரு ஆங்கில எழுத்துக்கோவையில் இருக்கும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து கூடியிருக்கும். பிறப்புப் பதிவில் பிழை என்றால் பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் கேட்கலாம், அதற்குச் சில வாரம் ஆகும். பதிவு விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். குடியுரிமைச் சான்றிதழில் ஒரு பெயர், இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகம் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி நிறுத்திவைக்கும்.

பிறப்புச் சான்றிதழ் பெற்றோர் பெயர் உள்ள முழு வடிவமாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் மட்டும் உள்ள சிறிய சான்றிதழ் பயன்படாது.

பையனுக்கு 15 வயது, ஒருமுறை போலீஸ் எச்சரித்து அனுப்பியது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். 10 வயதிலிருந்து நன்னடத்தை பார்க்கப்படுகிறது. சிறு எச்சரிக்கை ஒன்றுக்காகவே மறுத்துவிடுவார்கள் என்பதில்லை, நடந்தது என்ன, அதன்பின் பையன் எப்படி இருக்கிறான் என்று பார்ப்பார்கள். மறைத்தால் அந்த மறைப்பே மறுக்கக் காரணமாகிவிடும். பள்ளியின் கடிதம் இங்கே மிகவும் உதவும். பெற்றோர் விசா இல்லாமல் இருந்ததைப் பிள்ளையின் நடத்தைக் குறையாக எடுக்கக் கூடாது. எடுத்திருந்தால் மறுபரிசீலனையில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். இன்னொன்று: பிள்ளைக்கு 9 வயது என்றால், 1(3)-இல் தகுதி இருக்கும்போதே போட்டுவிடுங்கள். இந்தக் கேள்வியே எழாது.

விண்ணப்பித்த பின் என்ன நடக்கும்?

இணையத்தில் படிவம் நிரப்பிப் பணம் கட்டியதும் ஆவணங்களை ஏற்றி, விசா சேவை மையத்தில் பயோமெட்ரிக் நேரம் எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கைரேகை இல்லை, படம் மட்டும். ஆறு மாதத்துக்குள் முடிவு வருவது வழக்கம். பிள்ளைகளுக்கு விழா கட்டாயமில்லை. விண்ணப்பம் நடக்கும்போதே 18 நிறைந்துவிட்டால் விழாவும் அதன் கட்டணமும் உண்டு, அழைப்பு வந்த மூன்று மாதத்துக்குள் உறுதிமொழி எடுக்க வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் பிறந்த தேதி, ஊர், பெயர் எழுத்து மூன்றையும் அன்றே சரிபாருங்கள். லேமினேட் செய்யாதீர்கள்.

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, பாஸ்போர்ட் வரவில்லை என்றால் பயணம் போகாதீர்கள். பிரிட்டிஷ் ஆன நாளோடு பிள்ளையின் பழைய விசா செல்லாது. பழைய நாட்டுப் பாஸ்போர்ட்டோடு சென்னைக்கோ கொழும்புக்கோ போய்விட்டால், திரும்பும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பதிவைத் தொடங்குவது வீண் பதற்றம்.

மறுத்துவிட்டால் மேல்முறையீடு உண்டா?

இல்லை, கட்டணமும் திரும்பாது. சட்டத்தையோ சான்றையோ அதிகாரி தவறாகப் பார்த்திருந்தால் என்ஆர் படிவத்தில் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கும் கட்டணம் உண்டு. நீதிமன்ற மறுஆய்வு என்றால் மூன்று மாதத்துக்குள். சான்று போதவில்லை என்பதற்காக மறுத்திருந்தால், சான்றைத் திரட்டிப் புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் விரைவான வழி. ஆனால் பிள்ளைக்கு 18 நிறைய எத்தனை மாதம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

உதவிக்குப் போகும் ஆலோசகர் வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிந்தவராகவோ இருக்கிறாரா என்று அதன் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுப் பாருங்கள். 2025 ஜனவரி வரை அதன் பெயர் ஓஐஎஸ்சி. கடையின் பின்னறையில் படிவம் நிரப்பித் தருபவர் பதியாதவர் என்றால், அவர் செய்வது சட்டப்படி குற்றம். பிழைக்கான விலையைக் கொடுப்பது பிள்ளை.

பதிந்த பிள்ளை வெளிநாட்டில் குழந்தை பெற்றால் அதற்கும் குடியுரிமை போகுமா?

1(3), 1(4) வழி வந்தவர்கள் தங்கள் பிள்ளைக்குக் குடியுரிமையைத் தர முடியும், அந்தப் பிள்ளை எங்கே பிறந்தாலும். 3(1) வழி வந்த, சென்னையில் பிறந்தபோது பெற்றோர் இருவரும் இந்தியராக இருந்த பிள்ளைக்கும் அப்படியே. மாறாக, பெற்றோர் பிரிட்டிஷ் ஆன பிறகு வெளிநாட்டில் பிறந்து, பிறப்பிலேயே பிரிட்டிஷ் ஆன பிள்ளை வம்சாவளிக் குடிமகன். அவரால் வெளிநாட்டில் பிறக்கும் அடுத்த தலைமுறைக்கு அதைத் தானாகக் கடத்த முடியாது. அந்தப் பேரப்பிள்ளைக்கு 3(2), 3(5) என இரண்டு வழிகள் உள்ளன, இரண்டும் 18 வயதுக்குள். முதலாவதற்கு, வம்சாவளிக் குடிமகனான பெற்றோர் குழந்தை பிறக்கும் முன் மூன்றாண்டு, 270 நாளுக்கு மேல் விலகாமல், பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டாவதற்குக் குடும்பமே இங்கே வந்து அதே மூன்றாண்டை வாழ வேண்டும்.

இந்திய, இலங்கைக் குடியுரிமை என்ன ஆகும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் ஆனபின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்கான சான்றிதழ் வாங்கி, பிறகு ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்காமல் அதே பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம் விழும். ஓசிஐ கைக்கு வரச் சில வாரம் ஆகும் என்பதால், ஊரில் கல்யாணம் காட்சி இருந்தால் தேதிகளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆனால் தானாக அல்ல. தனியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். ஊரில் பிள்ளையின் பெயரில் காணியோ வீடோ எழுதும் எண்ணம் இருந்தால், பிரிட்டிஷ் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே இதைக் கொழும்பில் விசாரித்துக்கொள்ளுங்கள்.